“ஃபைன் கட்டி முடித்த கேஸை விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா?”

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சுருக்கம் இதுதான். 2019இல் ஊர்க் கோயில் கொடையில் மைக் செட் சத்தம் பற்றி இரண்டு தெருக்காரர்களுக்குள் தகராறு. கைகலப்பாகி, போலீஸ் 11 பேர் மீது வழக்குப் போட்டது. இவர் ஏழாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏழாவது ஆள். பிரிவுகள் 294(பி), 323, 506(1); இந்திய தண்டனைச் சட்டத்தில் (இ.த.ச.) ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது ஆகியவற்றுக்கானவை. ஸ்டேஷன் பெயிலில் அன்றைக்கே விட்டுவிட்டார்கள். 2022இல் கோர்ட்டுக்குக் கூப்பிட்டபோது, “அலையாதீங்கப்பா, எல்லாரும் ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போங்க” என்று யாரோ சொல்ல, 11 பேரும் வரிசையாக நின்று ஒப்புக்கொண்டு, தலைக்கு 1,500 ரூபாய் கட்டிவிட்டு, எதிரே இருந்த கடையில் டீ குடித்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறியிருக்கிறார்கள்.

இப்போது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அலுவலக உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறார். விண்ணப்பத்தில் ‘தங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். போன வாரம் முன்வரலாறு சரிபார்ப்புப் படிவம் வந்திருக்கிறது. அதில் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டுள்ளீர்களா, வழக்குத் தொடரப்பட்டுள்ளதா, நீதிமன்றத்தால் அபராதம் விதிக்கப்பட்டுள்ளதா, தண்டிக்கப்பட்டுள்ளீர்களா’ என்று கேள்விகள். பத்து நாளில் திருப்பித் தர வேண்டும். “ஃபைன் கட்டியதோடு கேஸ் முடிந்துபோனது, ‘இல்லை’ என்றே எழுது” என்கிறார் மாமா. ஐயாயிரம் கொடுத்தால் ஸ்டேஷனில் ‘வழக்கு எதுவும் இல்லை’ என்று எழுதி வாங்கிவிடலாம் என்கிறார் நண்பர் ஒருவர். போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, வழக்கில் விடுதலையாகியும் வேலை கிடைக்காமல் போன பக்கத்து ஊர்ப் பையனை நினைத்து இவருக்குத் தூக்கம் வரவில்லை. எதிர்த்தரப்பில் இருந்தவர் இப்போது சொந்தக்காரர் ஆகிவிட்டார், ராஜிக் கடிதம் தரத் தயார், அது உதவுமா என்றும் கேட்கிறார். கடைசியாக, அமெரிக்காவில் இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாதாமே, இங்கே மட்டும் ஏன் என்றும் ஒரு வரி.

தம்பி, முதலில் மாமா சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் பெரிய தவறான எண்ணம் அதுதான், அதுதான் ஆபத்தானதும்கூட.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடும், உண்மைதான். அது எப்படி முடிந்தது என்பதுதான் கேள்வி. நீங்கள் ஒப்புக்கொண்டதை நடுவர் பதிவு செய்து, குற்றவாளி என்று தீர்மானித்து, அதற்குத் தண்டனையாக அபராதம் விதித்திருக்கிறார். சிறைக்குப் போகவில்லை என்பதால் அது தண்டனைத் தீர்ப்பு இல்லை என்று ஆகாது. ஹெல்மெட் போடாததற்கு ரோட்டில் கட்டுகிற அபராதம் மாதிரிதான் என்று நினைத்து ஆயிரக்கணக்கானவர்கள் நீதிமன்றத்தில் ஒத்துக்கொள்கிறார்கள். என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, நான் சொல்லித்தான் தாங்கள் ‘தண்டிக்கப்பட்டவர்’ என்பதே தெரியும். உங்கள் 11 பேரிடமும் அன்றைக்கு யாராவது இதை ஒரு நிமிடம் நின்று சொல்லியிருக்கலாம்.

இரண்டு படிவம், இரண்டு கேள்வி

விண்ணப்பத்தின் ஜெராக்ஸை வைத்திருந்து, கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினீர்கள். நல்ல வேலை செய்தீர்கள். ‘நிலுவையில் உள்ளதா’ என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் விண்ணப்பித்த நாளில் எதுவும் நிலுவையில் இல்லை, வழக்கு 2022இலேயே முடிந்துவிட்டது. ஆகவே அங்கே எழுதிய ‘இல்லை’ உண்மையான பதில். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. படிவத்தில் கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும், பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது. குறிப்பாகக் கேட்ட தகவலைத்தான் விண்ணப்பதாரர் சொல்லியாக வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்பதற்காக ‘மறைத்துவிட்டார்’ என்று சொல்ல முடியாது.

இப்போது வந்திருக்கும் படிவம் வேறு. வழக்கு தொடரப்பட்டதா? ஆம். அபராதம் விதிக்கப்பட்டதா? ஆம். தண்டிக்கப்பட்டீர்களா? ஆம். கைது செய்யப்பட்டீர்களா என்பதற்கும், ஸ்டேஷன் பெயிலில் விட்டார்கள் என்றால் முதலில் கைது காட்டியிருப்பார்கள், ஆகவே அதற்கும் ஆம். இந்த நான்கில் எதற்கு ‘இல்லை’ என்று எழுதினாலும் அது பொய்.

‘ஆம்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். தனித்தாள் ஒன்றில் இந்த மாதிரி எழுதி இணையுங்கள்: ‘… காவல் நிலையக் குற்ற எண் …/2019, இ.த.ச. பிரிவுகள் 294(பி), 323, 506(1). கோயில் திருவிழாவின்போது இரு தெருவினரிடையே ஏற்பட்ட தகராறில் 11 பேர் மீது பதியப்பட்ட வழக்கில் நான் ஏழாவது எதிரி. … நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் … நாளில் ரூ.1,500 அபராதம் விதிக்கப்பட்டு, அன்றே செலுத்தினேன். சம்பவத்தின்போது எனக்கு வயது 23. இதற்கு முன்போ பின்போ என் மீது வேறு வழக்கு இல்லை.’ கடைசி வரியை எழுதும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள், அதற்குக் கீழே வருகிறேன். நியாயம் பேச வேண்டாம், ‘பொய் வழக்கு’ என்று எழுத வேண்டாம். நீங்களே ஒப்புக்கொண்ட வழக்கு அது.

மறைத்தால் என்ன ஆகும்

இதற்கு உங்கள் வழக்கைப் போலவே ஒரு வழக்கு இருக்கிறது. ராஜஸ்தானில் அரசு மின்தொடரமைப்பு நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலைக்கு ஒருவர் சேர்ந்தார். அவர் மீதிருந்த பிரிவுகள் 341, 323. வழிமறித்தது, அடித்தது, அவ்வளவுதான். நீதிமன்றம் அவரைச் சிறைக்குக்கூட அனுப்பவில்லை, நன்னடத்தைச் சட்டப்படி விட்டுவிட்டது. ஆனால் அவர் அந்தத் தண்டனையைச் சொல்லாமல் வேலையில் சேர்ந்துவிட்டார். தெரியவந்ததும் வேலை போனது. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் சரிதான் என்றது. குற்றம் சின்னதா பெரியதா என்பது இங்கே கேள்வி இல்லை, வேலையில் சேரும்போதே பொய் சொன்னவரை முதலாளி எப்படி நம்புவது என்பதுதான் கேள்வி என்பது தீர்ப்பின் சாரம். அவர் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த வழக்குக்காக வேலை போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மாறாகவும் தீர்ப்புகள் உண்டு. 2024இல் ரவீந்திர குமார் வழக்கில், மறைத்ததாலேயே எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துத் தகுதி நீக்கம் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இணையத்தில் பலரும் அதை மட்டும் பகிர்கிறார்கள். அவர் கதையை முழுதாகப் பாருங்கள். உத்தரப் பிரதேசக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்த நாளில் அவர் மீது வழக்கே இல்லை. பிறகு வந்த வழக்கிலும் விடுதலையாகிவிட்டார். அதற்குப் பிறகு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில்தான் சொல்லாமல் விட்டார். அது 2004. வேலை கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது 2024. இருபது வருடம்! உங்களுக்கோ விடுதலையும் இல்லை, தண்டனை இருக்கிறது. அந்தத் தீர்ப்பை நம்பி ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்.

ஐயாயிரம் ரூபாய் யோசனை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். காவல்துறையின் கணினி வலையமைப்பில் இருக்கிறது, வழக்கின் முடிவு இ-கோர்ட்ஸ் தளத்தில் இருக்கிறது. ஒரு ஸ்டேஷனில் ஒருவர் எழுதித் தருகிற காகிதம் இரண்டையும் அழிக்காது. நாளைக்கு உங்களோடு பதவி உயர்வுக்குப் போட்டி போடுகிற ஒருவர் ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் போதும், பத்து வருட சர்வீஸ் ஆட்டம் காணும். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். 1,500 ரூபாய் அபராத வழக்கை மறைக்கப்போய், ஊழல் தடுப்புச் சட்டத்தில் புது வழக்கு வாங்க வேண்டுமா?

சரி, உண்மையைச் சொன்னால் வேலை நிச்சயமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அதே அவதார் சிங் தீர்ப்பு, முடிந்த வழக்கை ஒருவர் உண்மையாகச் சொன்னாலும், அவருடைய முன்வரலாற்றைப் பரிசீலிக்க நியமன அலுவலருக்கு உரிமை உண்டு, வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. ஆனால் அந்தப் பரிசீலனை ஒழுங்காக நடக்க வேண்டும். என்ன குற்றம், எந்த வயதில், எந்தச் சூழலில், என்ன வேலைக்கு என்று மனம் செலுத்திப் பார்க்க வேண்டும். இளவயதில் கோஷம் போட்டது, சில்லறைக் குற்றங்கள் போன்றவற்றில், மறைத்திருந்தால்கூட அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று அந்தத் தீர்ப்பே சொல்லும்போது, மறைக்காத உங்களுக்கு வாதம் பலமாகவே இருக்கிறது. உங்கள் வழக்கில் திருட்டு இல்லை, மோசடி இல்லை, பெண்களுக்கு எதிரான குற்றம் இல்லை. அலுவலகக் கோப்பை மேசைக்கு மேசை எடுத்துப் போகிற வேலைக்கும் மைக் செட் தகராறுக்கும் தொடர்பும் இல்லை. 294(பி) என்றால் ‘ஆபாசம்’ என்று படிவத்தில் பார்க்கிறவர் முகம் சுளிக்கலாம். தமிழ்நாட்டில் தெருச்சண்டைக்கு எஃப்.ஐ.ஆர். போட்டால் 294(பி), 323, 506 மூன்றும் உப்பு, புளி, மிளகாய் மாதிரி சேர்ந்தே வரும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் திட்டிய வார்த்தைக்கான பிரிவு அது என்று எஃப்.ஐ.ஆர். நகலே காட்டிவிடும், அதனால் அதையும் இணையுங்கள்.

பக்கத்து ஊர்ப் பையன்

அவர் கதை உங்களுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் காவல் பணிக்குத் தனி விதி இருக்கிறது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்திருந்தால், அவரை வழக்கில் ‘சம்பந்தப்பட்டவர்’ என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்த விதியை 2008இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் ஏற்றுக்கொண்டது. லத்தியும் துப்பாக்கியும் கொடுக்கிற வேலை, அதனால் கடுமை. ஒன்றிய அலுவலக உதவியாளரை அந்தத் தராசில் நிறுக்கக் கூடாது. உங்கள் கோப்பைப் பார்க்கிறவர் அந்த விதியை மேற்கோள் காட்டி நிராகரித்தால், அதுவே நீங்கள் நீதிமன்றம் போக நல்ல காரணம்.

ராஜிக் கடிதம் பற்றிக் கேட்டீர்கள். அதற்கான நேரம் 2022. அன்றைக்கு ஒத்துக்கொள்வதற்குப் பதில் ராஜி செய்திருந்தால், 323, 506(1) இரண்டும் விடுதலைக்குச் சமமாக முடிந்திருக்கும். 294(பி) ராஜி ஆகாத பிரிவு. அதற்கு மட்டும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்து, சமாதானம் ஆகிவிட்டதைக் காட்டி வழக்கை ரத்து செய்யக் கேட்டிருக்கலாம், தினமும் நடக்கிற விஷயம்தான். ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்திய அந்த 1,500 ரூபாய்தான் உங்கள் வாழ்க்கையிலேயே அதிக விலை கொடுத்த செலவு. சொல்லிக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. வழக்கு இன்னும் நடக்கிற வேறு தம்பிகள் இதைப் படிக்கலாம்.

உங்களுக்கு இப்போது மிச்சம் இருப்பது ஒரு சின்ன வழி. ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனையில் ‘நான் குற்றவாளி இல்லை’ என்று மேல்முறையீடு செய்ய முடியாது. ஆனால் தண்டனையின் அளவு சரியா, அது சட்டப்படியானதா என்று செஷன்ஸ் கோர்ட்டில் கேட்கலாம். இரண்டு வருடம் வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்து, முன்தண்டனை இல்லாவிட்டால், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 3ஆவது பிரிவின்படி எச்சரித்து விடலாம். உங்கள் பிரிவுகளில் அதிகபட்சம் 506(1)க்கான இரண்டு வருடம், ஆக உள்ளே வருகிறீர்கள். இதை மேல்முறையீட்டு நீதிமன்றமும் செய்யலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படிச் செய்தால், 12ஆவது பிரிவின்படி, தண்டனையால் வருகிற தகுதியின்மை உங்களைத் தொடராது. அந்த மேல்முறையீட்டில்தான் உறவினரின் ராஜிக் கடிதத்துக்குக் கொஞ்சம் வேலை உண்டு. மேல்முறையீட்டுக் காலம் 30 நாள். நீங்கள் மூன்று வருடம் தாண்டிவிட்டீர்கள், தாமதத்தை மன்னிக்க மனுப் போட வேண்டும், நீதிபதி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஏற்றாலும் தண்டனை நடந்தது என்ற உண்மை அழியாது, ராஜஸ்தான்காரரைப் பார்த்தீர்களே. ஆகவே இதைப் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதுவதற்குப் பதிலாக நினைக்காதீர்கள், அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா விஷயத்தில் பாதிதான் உண்மை. அங்கே ஹவாய் மாநிலம் 1998இலேயே, நியூயார்க் நகரம் 2015இல் என்று பல இடங்களில் முதல் விண்ணப்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. கேள்வி ஒழிந்துவிடவில்லை. முதலில் ஆளைப் பார்த்துத் தேர்வு செய், வேலை தருகிறேன் என்று சொன்ன பிறகு வழக்கைக் கேள் என்று வரிசையைத்தான் மாற்றினார்கள். ஒரு விதத்தில் உங்கள் ஒன்றியமும் விண்ணப்பத்தில் நிலுவை வழக்கை மட்டும் கேட்டுவிட்டு, மற்றதைத் தேர்வுக்குப் பிறகுதானே கேட்டிருக்கிறது! எனக்கு இங்கே உறுத்துவது வேறு. நிலுவையில் உள்ள வழக்குகளை வேட்புமனுவில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒருவர் ஒன்றியக் கவுன்சிலர் ஆகலாம், சேர்மன் நாற்காலியிலும் உட்காரலாம். அவருக்கு டீ வாங்கி வருகிறவர் மட்டும் ஒரு கொடைச் சண்டைக்காகத் தூக்கம் இழக்க வேண்டும். ஆனாலும் அந்தக் கவுன்சிலரும் எழுதித்தான் கொடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

நிராகரித்தால்

காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். ‘வழக்கு இருப்பதால் நியமனம் இல்லை’ என்று ஒரே வரியில் உத்தரவு வந்தால், மனம் செலுத்தவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. தாமதிக்காமல் மதுரைக் கிளையில் ரிட் மனு போட வேண்டும், கூடவே உங்களுக்கான ஒரு இடத்தை நிரப்பாமல் வைக்க இடைக்கால உத்தரவும் கேட்க வேண்டும். நீதிமன்றம் பெரும்பாலும் ‘வேலை கொடு’ என்று நேராகச் சொல்லாது, ‘மறுபரிசீலனை செய்து காரணத்தோடு உத்தரவிடு’ என்று திருப்பி அனுப்பும். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அப்புறம், கடிதத்தின் ஓரத்தில், போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: 2020 ஊரடங்கில் செக்போஸ்ட்டில் உங்கள் பைக்கைப் பிடித்து, பத்து நாள் கழித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்று. அதைச் சாதாரணமாக விட்டுவிட வேண்டாம். அந்தக் கையெழுத்து எஃப்.ஐ.ஆரின் பின்னால் போட்டதாக இருக்கலாம். அந்தக் காலத்தில் போட்ட வழக்குகளில், வன்முறை, போலி இ-பாஸ் போன்றவை தவிர மற்றவற்றைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. உங்களுடையதும் போயிருக்கக்கூடும். ஆனால் போய்விட்டது என்று காகிதத்தில் பார்த்த பிறகே ‘வேறு வழக்கு இல்லை’ என்ற வரியை எழுத வேண்டும். அது இன்னும் நிலுவை என்று காட்டினால், விண்ணப்பத்தில் எழுதிய ‘இல்லை’ தவறாகிவிடும். அப்போது, தெரியாமல் நேர்ந்தது என்று ஒரு திருத்தக் கடிதம் எழுதி, படிவத்தோடு சேர்த்து, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். வழக்கு இருப்பதே ஒருவருக்குத் தெரியாதபோது, மறைத்தார் என்ற குற்றச்சாட்டு எளிதில் நிற்காது. நாமே முந்திக்கொண்டு சொல்வதற்கும் போலீஸ் அறிக்கையில் வருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஆகவே நாளைக்கே முதல் வேலையாக இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரையும் 2019 குற்ற எண்ணையும் போட்டுத் தேடுங்கள். பிறகு அந்த நடுவர் நீதிமன்றத்தில் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். பத்து நாளில் நகல் வராது, அதனால் நகல் மனு எண்ணைப் படிவத்தில் குறிப்பிட்டு, வந்ததும் தருவதாக எழுதுங்கள். நகல் கைக்கு வந்ததும் எதிரிகள் பட்டியலில் ஏழாவது பெயரைப் பாருங்கள். உங்கள் இனிஷியல், அப்பா பெயர், தெரு மூன்றும் சரியாக இருக்கின்றனவா? கொடைச் சண்டையில் அவசரத்தில் எழுதின பட்டியல், உங்கள் தெருவில் அதே பெயரில் இன்னொருவர் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் மீது இருக்கும் ஏதாவது வழக்கு சரிபார்ப்பில் உங்கள் பெயரில் வந்து நின்றால், அதைப் பிரித்துக் காட்ட அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.